ஒரு சங்கத்துக்கு ஓர் இடாப்பு

(கரைத்தீவில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டப் படிப்பை இன்னும் முடிக்காத எம்மை இம்மேடையில் ஏற்றி, கூட்டாக வேலை செய்வோருக்கென்று இன்று சந்தையில் மலிந்து கிடக்கும் மென்பொருட் கருவிகளுள் எதனை எமது சங்கம் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்துள்ளார்கள். சமயமும் இலக்கியமும் பேசவேண்டிய மேடையிலே கைபேசிச் செயலிகளைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோருக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகின்றோம். அது ஒரு மூதாட்டியின் பசியைப் பற்றியது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். எமது பக்கத்திலே கலா ஓயா கரைபுரண்டது. புத்தளம் - அனுராதபுர வீதியில் அவ்வெள்ளத்திற் சிக்கிய ஒரு பேருந்தின் பயணிகள் ஏறத்தாழ 70 பேரைக் கடற்படையினர் மீட்ட செய்தியை நாம் எல்லோரும் நெஞ்சு பதைக்கக் கேட்டோம்.

அந்நாட்களில் எமது சங்கத்து இளைஞர்களும் கைகட்டி நிற்கவில்லை. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பாய், குழந்தைகளின் உடுப்பு என்று வீடு வீடாகச் சேர்த்தோம். உழவு இயந்திரப் பெட்டியிலே ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளாற் போனோம். ஆனால், கொடுக்கவேண்டியவர்களின் பட்டியல் எம்மிடம் மூன்று இருந்தன. காரியதரிசியின் கொப்பியிலே ஒன்று. வட்ஸ்அப் குழுவிலே செய்தி செய்தியாகச் சிதறிக் கிடந்தது ஒன்று. பல்கலைக்கழக மாணவராகிய நாம் கூகிள் விரிதாளிற் கட்டம் போட்டு அமைத்தது ஒன்று.

ஆற்றோரத்திலே தனியே வசிக்கும் ஓர் ஆச்சியின் பெயர் மூன்றிலும் இருந்தது. கொப்பி வைத்திருந்தவர், "குழுவிலே அறிவித்தாயிற்று; பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள்" என்று எண்ணினார். குழுவைப் பார்த்தவர்கள், "விரிதாளிலே சரி அடையாளம் இருக்கின்றதே" என்று எண்ணினார்கள். அந்த அடையாளத்தை இட்டவர்கள் நாமே. பொதி கட்டியாயிற்று என்பதற்கு நாம் இட்ட அடையாளம் அது. கொடுத்தாயிற்று என்று மற்றவர்கள் கொண்டார்கள். இப்படியே இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் நாம் அங்கு போய்ச் சேர்ந்தபோது அந்த ஆச்சி எம்மை ஒரு வார்த்தையும் கோபித்துப் பேசவில்லை. "இந்த வெள்ளத்துக்குள்ள ஆரைத்தான் தம்பி ஆர் நினைக்கிறது" என்றார். அதே வேளையிலே வீதியோரத்து வீடொன்றுக்கு மூன்று பொதிகள் போய்ச் சேர்ந்திருந்தன.

அன்பர்களே! அந்த ஆச்சியின் சொல் எம்மை இன்றும் உறுத்துகின்றது. நாம் அவரை நினைத்தோம். ஒருவரல்லர், முப்பது பேர் நினைத்தோம். முப்பது பேர் நினைத்தும் ஒருவராவது போகவில்லை. அதற்குக் காரணம் யாது?

கருவி இல்லாமையால் அது நேரவில்லை. கருவிகள் எம்மிடம் மிதமிஞ்சி இருந்தன. வட்ஸ்அப் குழுவிலே மூன்று நாட்களில் வந்து குவிந்த செய்திகளும் படங்களும் குரற்பதிவுகளும் எண்ணிலடங்கா. "அந்த முகவரியை எவராவது மறுபடி அனுப்புங்கள்" என்று ஒருவர் கேட்பார். தேட நேரமில்லாத மற்றொருவர் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளி அனுப்பிவிடுவார். வேண்டிய மூலிகை எதுவென்று தெரியாமையால் அனுமன் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தான் என்று கேட்டிருக்கின்றோம். அனுமனுக்கு அந்த வலிமை இருந்தது. மின்சாரம் இல்லாத இரவிலே, மின்கலம் தீரப்போகும் கைபேசியை வைத்துக்கொண்டு நின்ற எமக்கு அந்த வலிமை ஏது?

நாம் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிலே வகுப்புக்கு ஓர் இடாப்பு உண்டு. ஆசிரியர் காலைதோறும் பெயர் கூப்பிட்டுக் குறியிடுவார். அந்த இடாப்பு ஒருபோதும் இரண்டாக இருந்ததில்லை. அதிபர் கேட்டாலும், கல்விப் பணிமனையிலிருந்து வருபவர் கேட்டாலும் அதே இடாப்பைத்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அங்கே எமக்குச் சொல்லித்தந்த விவிலியக் கதைகளுள் பாபேல் கோபுரத்தின் கதையும் ஒன்று. வானளாவக் கோபுரம் கட்டத் தொடங்கியவர்களுக்குக் செங்கல்லிலும் நிலக்கீலிலும் குறைவில்லை. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமற் போயிற்று. கோபுரம் நின்றுபோயிற்று. எமது சரி அடையாளத்துக்கும் அதுவே நேர்ந்தது.

வெள்ளம் வடிந்தபின் நிருவாக சபை கூடியது. இனி இவ்வாறு நேரக்கூடாது என்பதிலே எல்லோரும் ஒருமனப்பட்டோம். எந்தக் கருவி வேண்டும் என்பதிலேதான் ஆளுக்கொரு கட்சியானோம். கொழும்பிலே கம்பனியொன்றிற் பணிபுரியும் அண்ணா ஒருவர் "ஸ்லாக் ஒன்றே போதும்" என்றார். பல்கலைக்கழகத்திலே மைக்ரோசொப்ட் டீம்ஸ் பழகியவர்கள் அதனைத் தாங்கிப் பேசினார்கள். சீட்டுச் சீட்டாக வேலையைப் பிரித்துக் காட்டும் ட்ரெல்லோ வேண்டும் என்றார் மற்றொருவர். தமிழ்நாட்டிலே தென்காசிக்கு அருகே கிராமத்தில் அலுவலகம் அமைத்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஸோஹோ இருக்க, அதன் "அரட்டை" என்னும் செயலி தமிழ்ப் பெயரோடே இருக்க, பிறரிடம் ஏன் போகவேண்டும் என்று கேட்டார் இன்னொருவர். எமது தனாதிகாரி ஐயா எல்லோரையும் கேட்டுவிட்டு, "கொப்பி ஒருநாளும் சார்ஜ் இறங்கினதில்லை" என்று சொல்லி அமர்ந்தார்.

இந்தச் சர்ச்சையைத் தீர்த்துவைக்குமாறு எம்மிடம் ஒப்படைத்தார்கள். அதன்பொருட்டு நாம் சிறிது படித்தோம். படித்தவற்றுள் எமது காரியத்துக்கு உதவுவனவற்றை மாத்திரம் இங்கே கூறுகின்றோம்.

கூட்டாக வேலை செய்யக் கணினியைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர், ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலிருந்த தம் சகாக்களோடு ஒரே ஆவணத்தைத் திரையிலே பார்த்துத் திருத்திக் காட்டினார். இன்று எம் கையில் இருக்கும் மவுசையும் அன்றே அவர் சபைக்குக் காட்டினார். 1989இல் லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் அலுவலகங்களுக்கு வந்தது. ஸ்லாக், விளையாட்டு மென்பொருள் ஒன்றை உண்டாக்க முயன்று தோற்ற ஒரு குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ள அமைத்த கருவியிலிருந்து பிறந்து 2014இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டீம்ஸ் 2017இல் வந்தது.

இவை பெரிய கம்பனிகளின் கதைகள். எம்போன்ற தொண்டர்களின் கதைகள் இரண்டு உண்டு. அவையே எமக்கு மிகவும் பயன்பட்டன.

முதற் கதை மதுரைத் திட்டம் என்பது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கல்யாணசுந்தரம் அவர்களும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனன் அவர்களும் முன்னின்று தொடங்கிய முயற்சி அது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்திலே இலவசமாக வைப்பது அதன் நோக்கம். தொண்டர்கள் பல நாடுகளிற் சிதறி இருந்தார்கள். ஒருவரை ஒருவர் நேரிற் காணாதவர்களே பலர். அவர்களிடம் இருந்த கருவி மின்னஞ்சல் ஒன்றே. ஒருவர் தட்டச்சுச் செய்வார். மற்றொருவர் பிழை திருத்துவார். பின்னர் நூல் வெளியாகும். தமிழ் எழுத்துகளைக் கணினியிற் குறிக்கும் முறை இடையிலே மாறியது, மாறியபின்னும் மாறியது. அவர்களோ தம் கோப்புகளைப் பூட்டி வைக்காது எளிய வடிவில் வைத்திருந்தமையால் ஒவ்வொரு தடவையும் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். எத்தனையோ கருவிகள் பிறந்து இறந்தபின்னும் அந்நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இரண்டாவது கதை எமது நாட்டினுடையது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. அதன்பின் உதவி செய்ய எத்தனையோ அமைப்புகள் ஓடிவந்தன. யார் எங்கே என்ன செய்கின்றார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு முகாமிலே பொருள் குவிந்தது. மற்றொரு முகாமிலே ஒன்றும் இல்லை. அப்பொழுது இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் ஊதியம் வாங்காது கூடி, "சஹன" என்ற மென்பொருளை உண்டாக்கினார்கள். நிவாரணம் என்பதற்குரிய சிங்களச் சொல் அது. காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, உதவிக் கோரிக்கைகளின் பதிவு என்று அதிலே பகுதிகள் இருந்தன. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதனைப் பேணி, எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டது. 2005இல் பாகிஸ்தானிலே பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

சபையோர்களே, அந்தப் பகுதிகளின் பெயரை மறுபடி நோக்குங்கள். பதிவு, பதிவு, பதிவு என்றே இருக்கின்றது. அரட்டைக்கு அதிலே முதலிடம் இல்லை. எமது ஆச்சியைப் பட்டினி போட்ட குறை எதுவோ, அதற்கு மருந்தை இந்நாட்டு இளைஞர்கள் 20 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கின்றார்கள்.

இவற்றைப் படித்தபின் எமக்கு ஒன்று தெளிவாயிற்று. கூட்டு வேலையிலே மூன்று காரியங்கள் உள்ளன. பேசுவது ஒன்று, பதிவது ஒன்று, இன்னார் இன்னதைச் செய்வதென்று பகிர்வது ஒன்று. பேச்சு ஆற்று நீர்போல ஓடும். அது ஓடவும் வேண்டும். பதிவு குளத்து நீர்போல நிற்கவேண்டும். நாம் செய்த தவறு யாதெனில், ஓடுகின்ற நீரிலே மூட்டையை வைத்துவிட்டு, மறுநாள் வந்து அதே இடத்திலே தேடினோம். வட்ஸ்அப் பேச்சுக்கு நல்ல கருவி. அதனைப் பதிவேடாக்கினோம், அங்கேதான் பிழைத்தோம்.

ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்வியை நாம் விட்டுவிட்டோம். எமது காரியத்துக்கு ஏற்றதா என்று ஒவ்வொரு கருவியையும் நான்கு கேள்விகளாற் சோதித்தோம்.

முதலாவது கேள்வி: எம்முள் மிகக் குறைந்த வசதியுள்ளவர் இதனைக் கையாள முடியுமா? சங்கத்திலே மடிகணினி உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கடலுக்குப் போகும் தம்பிமாரிடம் இருப்பது பழைய கைபேசி; அதிலே இடமும் குறைவு, டேட்டாவும் குறைவு. மகளிர் அணியிலே தமிழிலன்றி வேறு மொழியிற் படிக்க விரும்பாத அக்காமார் இருக்கின்றார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை மாவட்டத்து மலைக்கிராமப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கல்லிலும் மரத்திலும் ஏறிப் பாடம் கேட்டதை உலகமே படத்திலே பார்த்தது. அக்கருவிகள் நல்லவையே. ஆயினும் அவற்றைத் தெரிந்தெடுத்தவர்கள் மரத்திலே ஏறவேண்டி வரவில்லை. இந்தக் கேள்வியினால் ஸ்லாக்கும் டீம்ஸும் எமக்குப் பின்வரிசைக்குப் போயின. அரட்டையும் ஸோஹோவும் நன்றாகவே இருந்தன. தமிழ்ப் பெயர் கண்டு மகிழ்ந்தோம். ஆனால், முப்பது பேருக்கும் புதிதாகப் பழக்கவேண்டும். வட்ஸ்அப்போ எல்லோரிடமும் ஏலவே இருக்கின்றது, தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: தொடர்பு அறுந்தால் என்ன செய்வோம்? 2018 மார்ச்சிலே கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலே உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்நாட்டிலே வட்ஸ்அப் முதலிய தளங்கள் அரசினால் முடக்கப்பட்டன. 2021 அக்டோபர் 4ஆம் திகதி அக்கம்பனியின் சொந்தத் தவறினால் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் வட்ஸ்அப் நின்றுபோயிற்று. டித்வாவின்போது பல ஊர்களிலே கைபேசிக் கோபுரங்களே செயலிழந்தன. ஆகவே, உதவி மிகத் தேவைப்படும் நாளே கருவி கைவிடும் நாளாகவும் இருக்கக்கூடும். தனாதிகாரி ஐயாவின் கொப்பியைப் பார்த்து அன்று சிரித்த நாம், இந்தக் கேள்வியைக் கேட்டபின் சிரிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாவது கேள்வி: திறப்பு யார் கையில்? இதிலே எமது குற்றம் ஒன்றையும் இச்சபையிலே ஒப்புக்கொள்ளவேண்டும். முன்னொரு வருடத் திருவிழாக் கணக்கை எம் தோழர் ஒருவர் தம் சொந்தக் கணக்கிலே விரிதாளாக வைத்திருந்தார். அவர் தொழில் தேடி வெளிநாடு போனார். போன இடத்திலே கைபேசி தொலைந்தது, கடவுச்சொல்லும் மறந்தது. அவரிடம் வஞ்சகம் இல்லை. ஆனாற் கணக்கு போயிற்று. யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை வீடு வீடாய்ப் போய் மறுபடி கேட்க நேர்ந்தது. அதுவுமன்றி, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை அழித்துவிடலாம் என்று கூகிள் 2023இல் விதி வகுத்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியும் வருகின்றது. கோயிற் களஞ்சியத்துத் திறப்பை ஒரே ஒருவரிடம் கொடுத்து அவர் வெளியூர் போகும்போது கேளாமலும் இருப்போமா? இணையக் கணக்கிலே மாத்திரம் அப்படி இருந்துவிட்டோம்.

நான்காவது கேள்வி: நாளை இதனை விட்டுப் போனால் எமது ஏடுகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஸ்லாக்கை இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு 2022 செப்டெம்பரிலிருந்து கடந்த 90 நாட்களின் செய்திகளே தெரியும். ஓராண்டுக்கு முந்தியவற்றை அழிப்பதென்றும் 2024இல் விதித்தார்கள். ஆண்டுக்கொருமுறை திருவிழா எடுக்கும் சங்கத்துக்கு 90 நாள் ஞாபகம் எம்மட்டு? ட்ரெல்லோவை இலவசமாகப் பயன்படுத்தினால் ஒரு பணியிடத்திலே 10 பேருக்கு மேற் சேர முடியாது. பணம் கட்டுவதாயின் ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்ற கணக்கு; எமது உண்டியல் அதற்குத் தாங்காது. கூகிள் வேவ் என்ற கூட்டுவேலைக் கருவியை 2009இலே ஆரவாரத்தோடு அறிவித்த அக்கம்பனி 2010இலேயே அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. எத்தனையோ தாய்மார் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகம் பார்த்த ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது.

தனியார் கம்பனிகளை மாத்திரம் குறைசொல்லிப் பயனில்லை. 2023 ஆகஸ்டிலே எமது அரசாங்கத்தின் கணினி மேகத்தைத் தீயோர் தாக்கிப் பூட்டினார்கள். அரசின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000இல், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாமற் போயின. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். அக்காலத்துக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கப்படாமையே காரணம். அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால், காப்புப் பிரதி இல்லாது எமது சங்கம் எம்மட்டுத் தாங்கும்?

இந்த நான்கு கேள்விகளையும் கேட்டபின் நிருவாக சபை எடுத்த தீர்மானம் மிக எளியது.

பேச்சுக்கு வட்ஸ்அப் குழு. அதிலே எவரும் எதையும் சொல்லலாம். அங்கு சொன்னது பதிவாகக் கொள்ளப்படமாட்டாது. பதிவுக்கு ஒரே ஒரு கூகிள் விரிதாள். அது சங்கத்தின் பெயரால் அமைத்த கணக்கிலே இருக்கும். எவருடைய சொந்தக் கணக்கிலும் இராது. அதன் திறப்புக் காரியதரிசியிடமும் தனாதிகாரியிடமும் இருக்கும். பதவி மாறும் நாளிலே கடவுச்சொல்லும் மாறும். வேலைப் பகிர்வுக்குத் தனிக் கருவி வேண்டாம். அதே விரிதாளிலே "பொறுப்பு" என்றொரு நிரல் போதும். இணையம் இல்லாத வேளையிலும் திறக்கத்தக்கதாக அந்த விரிதாளைப் பொறுப்பாளரின் கைபேசியிலே வைத்துக்கொள்ளலாம். மாதந்தோறும் அதனை அச்சிட்டு ஒரு கோவையிலே சேர்ப்போம். நிவாரண வேலைக்குப் போகும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் பொலித்தீன் உறையிலே கூடவே போகும். வட்ஸ்அப் நின்றால் அழைப்பு. அழைப்பும் நின்றாற் சைக்கிள். யார் யாரிடம் சைக்கிளிற் போவது என்பதும் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றது.

இனிமேற் சரி அடையாளம் என்பது கிடையாது. "பதிந்தது", "பொதி கட்டியது", "கையிற் கொடுத்தது" என்ற மூன்று சொற்களுள் ஒன்றையே எழுதவேண்டும். கடைசிச் சொல்லை, கொடுத்தவர் மாத்திரமே, தம் பெயரும் நேரமும் சேர்த்து எழுதவேண்டும். வேறொருவர் அவருக்காக எழுதலாகாது.

மற்றுமொன்று. உதவி பெறுவோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பட்டியலைக் குழுவிலே போடுவதை நிறுத்திவிட்டோம். அதனைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் ஆறு பேர் மாத்திரமே. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிலே நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. சட்டம் இல்லாவிடினும், இல்லாமையால் ஒருவர் கைநீட்டியதை ஊரெல்லாம் கைபேசியிலே பார்ப்பது தர்மமாகாது.

இம்முறை குறையற்றதென்று நாம் சொல்லவரவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கிய வேளையிலே இதனைச் சோதித்துப் பார்த்தோம். இடையிலே டேட்டா தீர்ந்தவர் ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். விரிதாளுக்கு மாற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். நல்லவேளையாகக் கொப்பி இருந்தது. அன்றிலிருந்து, கொப்பியில் எழுதியதை விளக்கு வைக்குமுன் விரிதாளுக்கு மாற்றவேண்டும், மாற்றும்வரை கொப்பியே மெய் என்று ஒரு விதி சேர்த்தோம். இன்னும் எத்தனை விதி சேர்ப்போமோ தெரியாது.

இளைஞர்களே, உங்களுட் சிலருக்கு இத்தீர்மானம் ஏமாற்றமாக இருக்கும். உலகின் பெரிய கம்பனிகள் வைத்திருப்பதை நாமும் வைத்திருக்கவேண்டும் என்று எமக்கும் ஆசைதான். நாளைக்கு உத்தியோகம் பார்க்கப் போகுமிடத்திலே ஸ்லாக்கும் டீம்ஸும் எமக்கு வேண்டும். ஆகையால் அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்திலே அவை இன்றியமையாதவை. ஆனாற் சங்கத்தின் கருவியைத் தெரிந்தெடுக்கும்போது எமது திறமையைக் காட்ட எண்ணாது, பழைய கைபேசி வைத்திருக்கும் தம்பியை எண்ணுங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கொப்பி போதும் என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். கொப்பி ஒரு வேளையில் ஓரிடத்திலேதான் இருக்கும். காரியதரிசியின் வீட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையிலே தண்ணீர் நின்றபோது அது எமக்கு எட்டவில்லை. கொப்பியின் நம்பிக்கையும் விரிதாளின் வேகமும் இரண்டும் வேண்டும்.

எமது மாவட்டத்திலே உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இரண்டு கூட்டத்தார் பிடித்து, அம்பாப் பாடி, ஒரே தாளத்தில் இழுக்கின்றார்கள். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். கயிறு தென்னந்தும்பா நைலோனா என்று மீன் பார்ப்பதில்லை. இழுப்பவர் எல்லோருக்கும் ஒரே மடி என்பதுதான் அங்கே கணக்கு.

எமது சங்கத்துக்கும் ஒரே மடி வேண்டும். ஓர் இடாப்பு வேண்டும். இனியொரு வெள்ளம் வராதிருக்க இறைவனை வேண்டுவோம். வருமாயின், முதல் நாள் மாலைக்குள் அந்த ஆச்சியின் பெயருக்கு நேரே "கையிற் கொடுத்தது" என்று எழுதி, அதன்கீழே எம்மிலொருவர் தம் பெயரை வைக்கவேண்டும். அதற்கு எந்தக் கருவி உதவுமோ அதுவே எமக்கு நல்ல கருவி.